அழித்த பதிவு

பல் செட் செய்யும் கூடத்தில் பெரியவளுக்கு அன்று கை ஓடவில்லை. மெழுகில் முன்பல் ஒன்றைக் கோணலாக நட்டாள், பிடுங்கினாள், மறுபடியும் கோணலாகவே நட்டாள். கைபேசியை எடுத்துப் பார்ப்பதும், பிளாஸ்டர் தூசி படிந்த மேசையில் அதைக் கவிழ்த்து வைப்பதுமாகக் காலை போய்க்கொண்டிருந்தது.

அவள் தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறவள். புருஷனை விட்டுப் பிரிந்து சின்னவள் வந்து நின்ற அன்று, "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமே" என்று பெரியவள் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். சின்னவள் கீழே வைத்த பையை அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். போன் எண்ணை மாற்றினாள். இருக்கிற செயலி எல்லாவற்றிலும் அக்காவைத் தடுத்து வைத்தாள். மூன்று வருஷமாக ஒரு பேச்சு கிடையாது.

ஒன்றை மட்டும் அவள் அடைக்கவில்லை. பேருந்து ஓட்டும் பாடுகளைப் பற்றி அவள் எழுதிவந்த வலைப்பூ அது. பெரியவளின் கைபேசியில் பழைய செய்தியோடைச் செயலி ஒன்று இருந்தது. ஒரு தளத்தின் முகவரியை அதில் போட்டு வைத்தால் போதும், அங்கே புதிதாக எது எழுதினாலும் தானாகக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நண்பராக வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். யார் படிக்கிறார்கள் என்று எழுதுகிறவருக்கும் தெரியாது. மழையில் துடைப்பான் நின்றுபோனது, தினமும் ஒரே சன்னலோரத்துக்குச் சண்டை போடும் இரண்டு கிழவர்கள், டிப்போவுக்குப் பின்னால் டயர் கடை மாடியில் பிடித்த அறை என்று தங்கையின் வாழ்க்கை சிறுகச் சிறுக அக்காவிடம் வந்துகொண்டிருந்தது.

"ஊரே ரீல்ஸை விரலால தள்ளிக்கிட்டே போகுது, நீ மட்டும் இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழற" என்பான் கணவன்.

"அதுல எல்லாம் அவங்க காட்டுறதைத்தான் பார்க்கணும். இதுல நான் கேட்டது மட்டும் வருது" என்பாள்.

முந்தாநாள் மத்தியானம் ஒரு பதிவு வந்தது. நாலே வரி.

'விழித்திரை பிரிஞ்சுபோச்சாம். நாளைக்கு ஆபரேஷன். கண்ணுக்குள்ள வாயு அடைச்சு விடுவாங்களாம், அப்புறம் ஒரு வாரம் குப்புறவே கிடக்கணுமாம். தண்ணி எடுத்துக் கொடுக்க எனக்கும் ஒருத்தி இருக்கா, கூப்பிட மாட்டேன்.'

பதறிப்போய்த் தளத்தைத் திறந்தாள். 'இந்தப் பக்கம் இல்லை' என்றது. எழுதிய கையோடு சின்னவள் அழித்திருந்தாள். செயலி அதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

அப்போது பிடித்த தவிப்பு. போகலாமா? கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாள், அதையும் அழித்திருக்கிறாள். வேண்டாம் என்று விழுங்கிய சொல்லைத் தொண்டைக்குள் கைவிட்டு எடுத்ததுபோல் இருந்தது பெரியவளுக்கு. போகாமலும் இருக்க முடியவில்லை. கணவனுக்குப் போன் போட்டாள்.

"அழிச்சதைப் படிச்சேன்னு போய் நின்னா மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துவா" என்றாள்.

"குப்புறக் கிடக்கிறவ எப்படி வந்து சாத்துவா? கிளம்பு முதல்ல."

மெழுகு வேலையைப் பக்கத்து மேசைக்காரியிடம் தள்ளிவிட்டுக் கிளம்பினாள்.

டயர் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேல போங்க, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. ரொட்டி வச்சேன், தொடவே இல்லை."

அறையில் ஒரு கட்டில், நாற்காலியில் தொங்கும் காக்கிச் சட்டை. மார்புக்குக் கீழே தலையணைகளை அடுக்கி, கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தைத் தரை பார்க்கக் கவிழ்த்துக் கிடந்தாள் சின்னவள். தண்ணீர்க் குவளை தரையில் உருண்டு கிடந்தது.

"அண்ணே, அந்தக் குவளையைக் கொஞ்சம்..."

"நான்தான்டி."

கீழே யாரோ சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யார் சொன்னா உனக்கு?"

"நீதான் சொன்ன. எழுதினியே."

"அழிச்சுட்டேனே!"

"நீ அழிக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு வந்துடுச்சு. உன் தளத்துக்குச் செய்தியோடை இருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே படிக்கிறேன்."

"மூணு வருஷமா?" சின்னவளின் முதுகு விறைத்தது. "எல்லா இடத்துலயும் அடைச்சுட்டேன்னு நிம்மதியா இருந்தேன். நீ ஓரமா நின்னு ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

"ஆமா."

மறுக்காமல் ஒப்புக்கொண்டதுதான் சின்னவளை இன்னும் கிளப்பிவிட்டது. போ என்றாள். பெரியவள் குவளையைக் கழுவினாள். ஒரு தடவையாவது எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா என்றாள் சின்னவள். கேட்டால் அந்த வழியையும் அடைத்துவிடுவாய் என்று பயந்தேன் என்றாள் பெரியவள். கட்டில் ஓரமாகத் தரையில் மல்லாந்து படுத்து, உறிஞ்சுகுழலைத் தங்கையின் வாய்க்கு நேராகப் பிடித்தாள் அக்கா. கவிழ்ந்த முகமும் நிமிர்ந்த முகமும் எதிரெதிரே இருந்தன. ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்று சிவந்து கலங்கியிருந்தது.

குடித்து முடித்ததும் சின்னவள் சொன்னாள். "அந்தப் பதிவை உன் போன்லேர்ந்து எடு."

பெரியவள் படுத்தபடியே கைபேசியை எடுத்து நீக்கினாள்.

"எடுத்துட்டேன்."

"எனக்கு இப்போ எழுத்து கண்ணுக்குத் தெரியல. உன் வாயைத்தான் நம்பணும்."

"நம்பு."

"மத்த பதிவெல்லாம் இருக்கட்டும்" என்றாள் சின்னவள். "அந்தக் கிழவர் சண்டை நல்லா வந்திருந்துச்சில்ல?"

"சிரிச்சு சிரிச்சு ஒரு பல் செட்டையே கீழே போட்டுட்டேன்."

அந்த வாரம் முழுக்கப் பெரியவள் அங்கேயே இருந்தாள். இரண்டு பேரும் பாதி நேரம் சண்டைதான் போட்டார்கள். பார்வை திரும்பியது, ஆனால் முழுசாக இல்லை. பேருந்து ஓட்ட இனி முடியாது என்று மருத்துவர் சொன்ன அன்று சின்னவள் டிப்போ வாசல்வரை நடந்து போய், உள்ளே நுழையாமல் திரும்பி வந்தாள். பிறகு அங்கேயே வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார்கள்.

புதிய எண்ணை அக்காவிடம் கொடுத்திருக்கிறாள். கூப்பிட்டால் எடுக்கவும் செய்கிறாள். "கண் எப்படி இருக்கு, வேலை பிடிச்சிருக்கா" என்று பெரியவள் தொடங்கினால் மட்டும், "எல்லாம் எழுதியிருக்கேன், போய்ப் படி" என்று போனை வைத்துவிடுகிறாள். பெரியவள் வாசித்துவிட்டு, எழுதாமல் விட்டது என்ன என்று கேட்க மறுபடியும் போன் போடுகிறாள்.