ஸ்பிளிற்றில் நின்ற மூன்று நாள்

மரியரட்ணம் எழுதும் கேஸ்களில் ஆட்கள் அழுவது குறைவு, பஸ் ஏறுவது அதிகம். யாழ்ப்பாணத்தில் இருபத்தொரு வருடம் பஸ் டிப்போவில், பஸ் வந்துபோகிற நேரம் குறிக்கும் ரைம்கீப்பராக இருந்த மனிதர், பாரிசுக்கு வந்த பிறகும் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அறையில், அகதி விண்ணப்பம் போடுகிறவர்களுக்குக் கதை எழுதிக் கொடுத்தார்.

"கண்ணீர் எல்லாரிட்டையும் கிடக்கு, தம்பி. ரைம்ரேபிள்தான் ஒருத்தரிட்டையும் இல்லை. நேரம் போட்ட கேஸை எவனும் தள்ளேலாது" என்பார்.

1986 சித்திரையில் அவரிடம் வந்து மாட்டியவன் வலன்ரைன். யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரன், முப்பத்தொரு வயது, ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். மனைவி மேரிறோசும் நாலு வயது மகளும் ஊரில். கார்த், அதாவது அகதி அட்டை, கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால், இலங்கை ஆமி தேடிக்கொண்டிருக்கும் அதே வீட்டுக்கு இவன் திரும்பிப் போகவேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது.

அவன் வந்தது எல்லாரும் வந்த வழிதான்: மொஸ்கோ, கிழக்கு பெர்லின், பிறகு மேற்கு ஜெர்மனி. அதை மரியரட்ணம் கேட்கவே மாட்டேன் என்றார்.

"ஜெர்மன் எண்டு வாய் திறந்தீரோ, அங்கையே போய்க் கேளும் எண்டு அனுப்பிப் போடுவினம். நீர் கப்பலிலை வந்தனீர்."

"எங்கை அண்ணை?"

மரியரட்ணம் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை விரித்து, கடற்கரை ஓரமாக விரலை இழுத்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார். ஸ்பிளிற். இன்றைக்குக் குரோவாசியா. அன்றைக்கு யூகோஸ்லாவியா. அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அட்லசில் அதற்குப் போட்டிருந்த புள்ளி மட்டும். அது அவருக்குப் போதும். வலன்ரைன் ஸ்பிளிற் துறைமுகத்தில் இறங்கினான், அங்கே மூன்று நாள் தங்கினான், பிறகு காலை 8.10க்கு ஏழாம் நம்பர் பஸ் எடுத்து, ஒரு மணித்தியாலம் ஓடி, 9.10க்கு ரெயில் ஸ்ரேசனில் இறங்கினான் என்று எழுதி, பிரெஞ்சில் மாற்றி, அகதி விண்ணப்பக் கந்தோருக்குத் தபாலில் போட்டுவிட்டார்.

ஊரில் ஆமி வலன்ரைனைப் பிடித்துக்கொண்டுபோய்க் காம்பில் வைத்திருந்தபோது நடந்ததற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கினார். அதில் பஸ் எதுவும் வரவில்லை என்பதால் அவருக்கு அதில் அக்கறையும் வரவில்லை.

விசாரணைக் கடிதம் ஐப்பசியில் வந்தது. உடனே ஒத்திகை தொடங்கியது. லா சப்பல் மெற்றோ வாசல்தான் துறைமுகம். கார் து நோர் என்கிற பெரிய ரெயில் நிலையம்தான் ஸ்பிளிற் ரெயில் ஸ்ரேசன். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நடந்தே ஏழெட்டு நிமிடத்தில் போய்விடலாம். கேசில் ஒரு மணித்தியாலம் என்று கிடக்கிறது. மரியரட்ணம் நேரத்தில் பொய் சொல்லாதவர். ஆகவே இருவரும் இரண்டாம் நம்பர் மெற்றோவில் ஏறி, கடைசித் தரிப்பான நாசியோன் வரை போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்பி லா சப்பலுக்கு வந்து, பிறகு கார் து நோருக்கு நடந்தார்கள். வழியெல்லாம் மரியரட்ணம் யூகோஸ்லாவியக் கொண்டக்டராக இருந்தார்.

"எங்கை இறக்கம்?" என்று எழும்பி நின்று கத்துவார்.

"ஸ்ரேசன்" என்று வலன்ரைன் சொல்லவேண்டும். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக் கிழவி ஒருத்தி தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். வலன்ரைனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. கார்த்துக்காக இதையும் பொறுத்துக்கொண்டான்.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் இடி விழுந்தது. அவன் வேலை செய்த உணவகத்தில் இறைச்சி வெட்டுகிற யோசிப் என்பவன் யூகோஸ்லாவியன் என்பது தெரியும். ஸ்பிளிற்காரனே என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. துறைமுகத்திலிருந்து ஸ்ரேசனுக்கு எந்த பஸ் என்று வலன்ரைன் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டான். யோசிப் மூன்று உப்புக் குப்பிகளை எடுத்தான். இது கப்பல் என்றான். இது பஸ் நிலையம் என்றான். இது ரெயில் என்றான். மூன்றையும் ஒன்றோடொன்று முட்டும்படி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு இறைச்சி வெட்டப் போய்விட்டான்.

வலன்ரைன் ஓடிப்போய் மரியரட்ணத்திடம் சொன்னான்.

"கப்பலும் ரெயினும் பஸ்ஸும் ஒரே இடத்திலையோ?" ரைம்கீப்பருக்குக் கோபம் தலைக்கேறியது. "எந்த விசரன் அப்பிடிக் கட்டுவான்? யாழ்ப்பாணத்திலையே ஸ்ரேசன் ஒரு பக்கம், பஸ் ஸ்ராண்ட் ஒரு பக்கம். உம்மடை இறைச்சி வெட்டுறவன் ஊரைவிட்டு வந்து கனகாலமாயிருக்கும். நீர் கேசிலை கிடக்கிறதைச் சொல்லும்."

"அண்ணை, பிடிபட்டா?"

"பஸ் விசயத்திலை அவை என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லும். பஸ்ஸை மட்டும் விட்டிடாதையும்."

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு மதாம். மொழிபெயர்க்க வந்தவர் புதுச்சேரிக்காரர், ஜெர்மேன் என்று பெயர். கழுத்துப்பட்டியெல்லாம் கட்டி, மிகவும் கண்ணியமாக இருந்தார். மதாம் கோப்பைத் திறந்து இரண்டு வரி படித்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பத்து வருடமாக ஒவ்வொரு கோடையும் அவள் ஸ்பிளிற்றுக்குத்தான் போகிறாளாம்.

வலன்ரைன் மனதுக்குள் மரியரட்ணத்தைத் திட்டினான். உலகத்தில் எத்தனை துறைமுகம்! அந்த அட்லசில் மரியரட்ணத்தின் விரல் அரை அங்குலம் தள்ளி நின்றிருக்கக்கூடாதா?

"ஸ்பிளிட்ல எத்தனை நாள் இருந்தீங்கன்னு மதாம் கேக்கறாங்க" என்றார் ஜெர்மேன்.

"மூண்டு நாள் நிண்டனான்."

யாழ்ப்பாணத்தான் ஓரிடத்தில் நிண்டான் என்றால் தங்கினான் என்று அர்த்தம். அவன் மாமி வீட்டில் நிற்பான், ஆசுபத்திரியில் நிற்பான், கொழும்பில் ஆறு மாதம் நிற்பான், எல்லா இடத்திலும் பாய் போட்டுப் படுத்துக்கொண்டுதான் நிற்பான். புதுச்சேரிக்காரர் நின்றால் இரண்டு காலில் நிற்பார். ஜெர்மேன் ஒரு கணம் தயங்கிவிட்டு, கடமை தவறாமல், இவர் ஸ்பிளிற்றில் மூன்று நாள் எழுந்து நின்றார் என்று பிரெஞ்சில் சொன்னார்.

மதாம் பேனாவை நிறுத்தினாள்.

"ஏன் உக்காரலன்னு கேக்கறாங்க."

வலன்ரைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது ஏதோ பொறி என்று மட்டும் பட்டது. மரியரட்ணத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டான்.

"பஸ்ஸுக்கு."

"மூணு நாளா?"

"ஓம். ஏழாம் நம்பர் பஸ். வரேல்லை. பேந்துதான் வந்தது."

மதாம் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினாள். இது கப்பல் வந்து நிற்கிற இடம். இது ரெயில் ஸ்ரேசன். நடுவில் ஒரு தெரு.

"ஸ்டேஷன் உங்க கண்ணுக்கு முன்னாடியே இருந்திருக்கு. அதைப் பாத்துக்கிட்டே மூணு நாள் நின்னீங்களான்னு கேக்கறாங்க."

"ஓம்."

"யார்கிட்டயும் கேக்கலியா?"

"பாஷை தெரியாது."

"அப்புறம் பஸ் வந்துச்சு, ஒரு மணி நேரம் ஊரைச் சுத்தி, எதிர்ப்பக்கம் இறக்கி விட்டுச்சா?"

"ஓம்."

மதாம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பொய் சொல்ல வருகிறவன் தன்னை இவ்வளவு பெரிய மடையனாக்கிச் சொல்லமாட்டான், இது உண்மையாகத்தான் இருக்கும் என்று அவள் சொன்னதை ஜெர்மேன் மொழிபெயர்த்தார். வலன்ரைன் பணிவாகத் தலையை ஆட்டினான். மானம் போனால் போகட்டும், மேரிறோஸ் வரட்டும்.

"இப்ப எங்க குடியிருக்கீங்க?"

"லா கூர்னெவ்விலை, பேனாட் எண்ட சொந்தக்காரரோடை நிக்கிறன்."

ஜெர்மேன் வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டார். "நிக்கிறதுன்னா... உங்க ஊர்ல தங்கறதா?"

"ஓம், வேறை என்ன?"

முதலில் தான் சொன்னது பிழை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் மதாம் முதற்பக்கத்தை எழுதி முடித்துவிட்டாள், அதுவும் சந்தோசமாக எழுதியிருந்தாள். ஜெர்மேன், இனிமேல் பிழைவிடக்கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மதாம் கோப்பின் கடைசி வரிக்கு வந்தாள். "ராணுவ முகாம்ல என்ன நடந்துச்சு?"

வலன்ரைன் மேசையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னான். "காம்பிலை மூண்டு நாள் நிண்டனான்."

ஜெர்மேன் இம்முறை கொஞ்சமும் தயங்கவில்லை. அவர் சொன்ன பிரெஞ்சு வசனத்தில் ஒரே ஒரு சொல் வலன்ரைனின் காதில் விழுந்தது. அவன் சட்டைப்பையில் இருந்த கடுதாசியில், அவன் வரிசையில் காத்திருந்த கந்தோர் வாசலில், எங்கும் எழுதியிருந்த சொல். செஜூர். தங்குவது. மதாம் அதை எழுதத் தொடங்கினாள்.

"அங்க சாப்பாடெல்லாம் குடுத்தாங்களான்னு கேக்கறாங்க."

வலன்ரைனுக்குக் கோபம் வந்தது. பாரிசுக்கு வந்து பதினெட்டு மாதத்தில் வந்த முதல் கோபம். கார்த், கேஸ், ரைம்ரேபிள் எல்லாம் மறந்து போயிற்று.

"செஜூர் இல்லை" என்றான். "நிண்டனான். இப்பிடி."

கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான்.

"மணலிலை. வெயிலுக்கை. கை இறங்கினா அடிப்பாங்கள். எனக்குப் பக்கத்திலை நிண்ட பெடியன் ரெண்டாம் நாள் விழுந்திட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு போனவங்கள், திருப்பிக் கொண்டுவரேல்லை. அதுதான் நான் விழேல்லை. அதுதான் நான் கீழை குந்தி இருக்கேல்லை."

ஜெர்மேன் மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார். மதாம் எழுதியதை வெட்டினாள். உட்காரும்படி கையைக் காட்டினாள். வலன்ரைன் உட்காரவில்லை. உட்காரத் தெரியாதவன்மாதிரி நின்றான்.

மதாம் மிகவும் தாழ்ந்த குரலில் எதையோ கேட்டாள்.

"ஸ்பிளிட்லயும் அப்படித்தான் நின்னீங்களான்னு கேக்கறாங்க" என்றார் ஜெர்மேன்.

வலன்ரைனுக்கு இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை. "இல்லை ஐயா. ஸ்பிளிற்றிலை நான் நிக்கவே இல்லை."

ஜெர்மேன் அவனைப் பார்த்தார். இரண்டு ஊர்த் தமிழும் இப்போது அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது. மதாமின் பக்கம் திரும்பி, அங்கே இவர் உட்கார்ந்திருந்தாராம் என்று பிரெஞ்சில் சொன்னார்.

நல்லது, என்றாள் மதாம். அதை எழுதிக்கொண்டாள்.

தை மாதம் கடிதம் வந்தது. கார்த் கிடைத்துவிட்டது. வலன்ரைன் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து அழுதான், பிறகு மேரிறோசுக்குத் தந்தி கொடுத்தான், பிறகு மரியாதைக்கு ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு லா சப்பலுக்குப் போனான்.

மரியரட்ணத்தின் அறையில் கதிரை காலியில்லை. நாலு பேர் புதிதாக வந்திருந்தார்கள்.

"பாத்தீரே, ஏழாம் நம்பர் பஸ் வேலை செய்திட்டுது!" என்று ரைம்கீப்பர் அவனைக் கட்டிப்பிடித்தார். "மூண்டு நாள் பஸ்ஸுக்கு நிண்டனான் எண்டு சொன்னீராம், அந்த மொழிபெயர்ப்பு ஐயா கீழை கடையிலை சொன்னவர். என்ன மூளையப்பா உமக்கு! இனி வாற எல்லாக் கேசுக்கும் அதைத்தான் போடப்போறன். இந்தா, இவை நாலு பேரையும் ஸ்பிளிற்றிலை நிப்பாட்டியாச்சு. ஆளுக்கு மூண்டு நாள்."

நாலு பேரும் வலன்ரைனை நம்பிக்கையோடு பார்த்தார்கள். ஒருவனுக்குத் தோள்மூட்டில் ஏதோ கோளாறு. வலது கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான்.

வலன்ரைன் இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்தான். "அண்ணை, இவையைப் பஸ்ஸுக்கு நிப்பாட்டாதேங்கோ" என்றான். "முதல், உண்மையிலை எங்கை நிண்டவை எண்டு கேளுங்கோ."