மிக இயற்கையாக இருக்கவேண்டும்

பல்செட் செய்யும் கூடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மயக்கம் கவியும். உருகும் மெழுகின் மணம், வெயிலில் மிதக்கும் ப்ளாஸ்டர் தூள், அலமாரி முழுக்க வாய் பிளந்து நிற்கும் அச்சுகள். ஊரே சிரித்துக்கொண்டு தூங்குவது போலிருக்கும். அந்த நேரத்தில்தான் அவள் குனிந்து மெழுகில் பல் நடுவாள். குனிந்தால் மேசையில் முதலில் போய் உட்காருவது அவள் மார்புதான். அதற்கு இடம் ஒதுக்கிய பிறகே கருவிகளுக்கு இடம்.

பதினான்கு வயதிலிருந்தே இப்படித்தான். தெருவில் நடக்கும்போது இரண்டு பெரிய அதிகாரிகள் முன்னால் போக, தான் கோப்புகளைச் சுமந்துகொண்டு பின்னால் ஓடும் சிப்பந்தி என்று அவளுக்குத் தோன்றும். பார்வையெல்லாம் அதிகாரிகளுக்கு, கழுத்துவலி சிப்பந்திக்கு. தோள்களில் உள்ளாடைப் பட்டை அழுந்தி அழுந்தி, விரல் புதையும் ஆழத்துக்கு இரண்டு வாய்க்கால்கள். வெயில் காலத்தில் மார்புக்கடியில் புண்.

அறுவை சிகிச்சை செய்து குறைக்கலாம் என்றார் டாக்டரம்மா. சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷி. தழும்பு இருக்கும், தொடு உணர்ச்சி கொஞ்சம் மங்கலாம், சில வாரம் கையைத் தூக்கி வேலை செய்யக்கூடாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் பேனாவை மூடினார்.

“இன்னொரு குழந்தை வேணுமான்னு யோசிங்க. அப்புறம் பால் குடுக்கறது கஷ்டமாகலாம். வேணும்னா அது பிறந்து வளர்ந்த பிறகு செய்துக்கலாம். முதல்ல முடிவு பண்ண வேண்டியது அதைத்தான்.”

மறுநாளிலிருந்து கூடத்தின் ஜன்னல் திட்டில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்தது. இன்னும் பிறக்காத குழந்தை. வெயிலுக்குள் இருந்ததால் முகம் சரியாகத் தெரியாது, ஆடும் கால்கள் மட்டும் தெரியும். அடம் பிடிக்கிற ஜாதியில்லை. இருக்கவா, போகவா என்று கேட்பதுபோல் பார்க்கும், அவ்வளவுதான். “இரு, இந்தக் கடைவாய்ப்பல்லை முடிச்சிடறேன்” என்பாள் அவள். கடைவாய்ப்பல் முடிந்தால் அடுத்த ஆளின் முன்பல் வந்துவிடும்.

வீட்டிலும் இதே கதைதான். எட்டு வயது மகளுக்கு ஒரு துணை வேண்டாமா என்று மாமியார் கேட்கும்போதெல்லாம் அவள் கணவன் “பாக்கலாம்மா” என்பான். ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கணவன் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். தீர்மானம் போடாமல் தண்ணீர்க் குழாயைக்கூட இறுக்கி மூடமாட்டான். ஆகவே டாக்டரம்மா சொன்னதை அவள் சொன்னதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டு ஹாலில் கூட்டம் கூட்டினான். நோட்டில் பொருள் ஒன்று: திரைச்சீலையின் நிறம். பொருள் இரண்டு: ‘அந்த விஷயம்’. மார்பு என்ற சொல் அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையாது. மாமியார் ‘மேல்பாரம்’ என்பாள், அதையும் கூரையைப் பார்த்தபடிதான் சொல்வாள்.

தலைமை வகித்தவர் கணவனின் அண்ணன். குடும்பத்தில் அவருக்கு மேடை மாமா என்று பெயர். மின்விசிறியைப் போடச் சொன்னாலும் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார்.

அவரைப் பற்றி அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பல்செட் கூடத்துக்கு வரும் வேலைச் சீட்டுகளில் ஆளின் பெயர் இருக்காது, எண்தான். போன வருடம் வந்த ஒரு சீட்டில், எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: ‘மிக இயற்கையாக இருக்கவேண்டும்.’ எல்லாப் பல்லும் நேராக நின்றால் பொய் தெரிந்துவிடும் என்று, இடது கோரைப்பல்லை ஒரு மயிரிழை திருப்பி நட்டாள். அடுத்த மாதம் மேடை மாமா இவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சிரித்தபோது, அந்தக் கோரைப்பல் அவளைப் பார்த்துக் கண்ணடித்தது. தான் செய்த பல்செட்டை வெளியே யார் வாயிலாவது கண்டால் பல்லைப் பார்க்காதே, கண்ணைப் பார் என்பது கூடத்தில் சட்டம். அன்றிலிருந்து அவள் அவர் கண்களை மட்டுமே பார்த்துப் பேசினாள். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

திரைச்சீலை பச்சை என்று முடிவாகி, பொருள் இரண்டு வந்தது. மேடை மாமா எழுந்து நின்றார். மரத்தை மலையை மேகத்தையெல்லாம் சாட்சிக்கு அழைத்தார். அவள் எங்கேயோ மிதந்து போய்விட்டாள். மேகத்துக்கும் பாரம் தாங்கவில்லை என்றால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறதே என்று நினைத்தாள்.

“இயற்கையா அமைஞ்சதுல மனுஷன் கை வைக்கவே கூடாதும்மா” என்று அவர் முடித்தபோது, வலது கன்னம் லேசாகச் சுளித்தது. அந்தச் சுளிப்பு அவளுக்குத் தெரியும். ஈறில் எங்கோ அழுத்துகிறது.

எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“கீழ வலது பக்கம் உறுத்துதா மாமா? கொண்டாங்க, தேய்ச்சுத் தர்றேன்.”

மேடை மாமா தண்ணீரைக் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கண்களையே பார்த்தாள்.

“ஆனா ஒண்ணு,” என்று தொண்டையைச் செருமினார். “வலின்னு வந்துட்டா அது வேற. வலிக்கறவங்கதான் சொல்லணும்.” இவ்வளவு சுருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஏதோ ஆழமான கருத்து என்று மாமியார் தலையாட்டினாள்.

கணவன் பேனாவை எடுத்தான். “அப்ப ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம்னு போட்டுக்கறேன்.”

“ரெண்டாவது வேணாங்க,” என்றாள்.

பேனா நின்றது. மாமியார் கூரையிலிருந்து பார்வையை இறக்கினாள்.

“எனக்கு நம்ம பொண்ணு ஒருத்தி போதும். வராத குழந்தைக்காக இதைச் சுமந்துக்கிட்டு இருக்க முடியல.”

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேடை மாமா கையை உயர்த்தித் தடுத்தார். தன் பல்லுக்குப் பயந்தே தடுத்தார் என்றாலும் தடுத்தது தடுத்ததுதான்.

“எப்ப முடிவு பண்ணின?” என்று கேட்டான் கணவன். அவளுக்கே தெரியவில்லை. வெகுநாளாச்சு என்றாள். அவன் நோட்டைப் பார்த்தான், அதில் எழுத ஒன்றுமில்லை. மூடி வைத்துவிட்டு, கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல்முறையாகக் கேட்டான்: “தோள் ரொம்ப வலிக்குதா?”

அவள் தலையசைத்தாள். கண் கலங்கியது. அதற்குத் தீர்மானம் எதுவும் போடப்படவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு, மெழுகு உருகிக்கொண்டிருக்கையில், ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தாள். முடிக்கவேண்டிய நாள் என்ற இடத்தில், டாக்டரம்மா காலையில் போனில் உறுதி செய்த தேதியை எழுதினாள். வெயில் காலத்துக்கு முந்தைய தேதி. குறிப்பு என்ற இடத்தில், ‘கழுத்து நிமிரவேண்டும்.’

பிறகு ஜன்னலைப் பார்த்தாள். குழந்தை காலாட்டுவதை நிறுத்தியிருந்தது. கோபமில்லை. திட்டிலிருந்து இறங்கி, தூள் மிதக்கும் வெயிலில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தது.

போயிட்டு வா என்றுதான் வாயில் வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“பத்திரமா போ, கண்ணு.”

வெயில் மட்டும் இருந்தது. அவள் குனிந்து அடுத்த பல்லை எடுத்தாள்.