மேனேஜருக்குப் பயந்த அலாரம்

மருந்து நிரப்பும் அறைக்குள் எப்போதும் நடைக்கூடத்தைவிடச் சற்றுக் கூடுதலான காற்றழுத்தம் இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறந்தாலும் தூசி உள்ளே நுழையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கச் சுவரில் ஒரு சென்சார். வித்தியாசம் குறைந்தால் அலாரம் கத்தும், வேலை நிற்கும். அந்தக் கோடையில் அது ஓயாமல் கத்தியது.

பராமரிப்பு இன்ஜினியர் ஃபில்டரை மாற்றினாள், கதவு ரப்பரை மாற்றினாள், கடைசியில் சென்சாரையே மாற்றினாள். புதுசும் கத்தியது. மேனேஜர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தால் மட்டும் கப்சிப். மேனேஜர் அவளுடைய அக்கா கணவர் என்பதால் இந்தப் பெருமை வீட்டுச் சாப்பாட்டு மேஜைவரைக்கும் வந்தது.

“மெஷினுக்கும் ஆள் தெரியும்மா. நீ அதுக்கு ரொம்ப இடம் குடுத்துட்ட,” என்பார். அக்கா வேறு அதை நம்பித் தொலைத்தாள்.

ஒருநாள் அலாரம் அடிக்க, இன்ஜினியர் வெறுத்துப்போய் மேனேஜர் அறைக்கே ஓடிக் கதவைத் தள்ளினாள். சத்தம் நின்றது.

“பாத்தியா? இன்னைக்கு நான் எழுந்திரிக்கக்கூட இல்ல.”

அவளுக்கு அழுகை முட்டியது. யாரும் பார்க்க வேண்டாமென்று கதவைச் சாத்தினாள். அலாரம் அடித்தது. திறந்தாள், நின்றது. மறுபடி சாத்தினாள், அடித்தது.

அண்ணாந்து பார்த்தாள். நடைக்கூடத்தில் ஒரு பகுதியைத் தடுத்துத்தான் மேனேஜர் அறையைக் கட்டியிருந்தார்கள். வெளி அழுத்தத்தைப் பார்க்கும் சென்சார் குழாயின் வாய் அவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. புழுக்கம் தாங்காமல் அவர் ஜன்னலில் மாட்டிய விசிறி, வெளிக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

“அத்தான், நீங்க கதவச் சாத்திட்டு ஃபேனப் போட்டா இந்த ரூம்ல காத்து ஏறுது. சென்சார் இதத்தான் வெளின்னு நினைக்குது. மருந்து ரூம்ல ஒண்ணும் குறையல. இங்க ஏறுறதால வித்தியாசம் குறையுது. நீங்க எழுந்து கதவத் திறந்தா சரியாயிடுது.”

“அப்ப எனக்குப் பயந்து இல்லையா?”

“இல்ல அத்தான்.”

அவர் விசிறியை அணைத்தார். கதவு சாத்தியிருந்தும் அலாரம் வாயை மூடிக்கொண்டது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

“இத உங்க அக்காகிட்டச் சொல்லணுமா?”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. குழாயை நடைக்கூடம்வரை நீட்டிவிட்டாள். மறுநாள் கூட்டத்தில், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்கள்.

“சார் ரூம்லதான் கண்டுபிடிச்சேன். எல்லாத்துக்கும் சார்தான் காரணம்,” என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அடக்கமாகத் தலையசைத்தார். பொய் எதுவும் சொல்லவில்லை என்ற நிம்மதியில் அவளும் தட்டினாள்.