ஜன்னலுக்கும் படகுக்கும் நடுவே

பிரேமலா அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் நனைந்த தலைமயிரும் ஒரு தோளும்தான்.

சில வருஷங்களுக்கு முந்தைய பெருவெள்ளத்தில், ரவாங்குக்கு வெளியே அவர்கள் வசித்த தாமான் குடியிருப்பில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது. கணவன் திவாகரன் வேலைக்குப் போன தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொண்டான். பிரேமலாவுக்கு எட்டாவது மாதம். சமையல் மேடைமேல் ஏறி நின்று, கேஸ் தோங் உருளை மிதந்து கூடத்துப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அப்போதுதான் பின்பக்க ஜன்னலில் ஒரு படகு வந்து முட்டியது. வந்தவர்கள் ஜன்னல் கம்பியைப் பெயர்த்துவிட்டார்கள். ஆனால் படகு சுவரோடு ஒட்டி நிற்கவில்லை. தண்ணீரின் இழுப்பு அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது. உடனே ஒருவர் குதித்தார். மார்பளவுத் தண்ணீரில், ஜன்னலுக்கும் படகுக்கும் நடுவே நின்று தோளைக் கொடுத்தார்.

"பிஜாக்! பிஜாக் ஸஜா, டிக்!"

மிதிம்மா, சும்மா மிதி என்கிறார். வயதில் பெரியவர்போல் இருக்கிறாரே, அவர்மேல் கால் வைப்பதா என்று அந்த நேரத்திலும் அவளுக்குக் கூசியது. அவர் மறுபடி அதட்டினார். மிதித்தாள். தோள் ஒரு கணம் இறங்கி, பிறகு கல்போல நின்றது.

படகு அவளைப் பள்ளிக்கூடத்து நிவாரண மையத்தில் இறக்கிவிட்டு, அடுத்த வீட்டுக்காரர்களைத் தேடித் திரும்பிவிட்டது. அதன் பக்கவாட்டில் ஒரு கழுகுப் படமும் 'கோலசிலாங்கூர்' என்ற எழுத்தும் இருந்தது மட்டும் மனதில் தங்கியது. அந்த மாதமே மகள் தர்விஷா பிறந்தாள்.

நன்றி சொல்லப் போகவேண்டும் என்று பிரேமலா நினைக்காத நாள் குறைவு. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரைக் கண்டாலே அவளுக்கு நெஞ்சு அடைத்தது. ஆற்றுப் பாலத்தில் கார் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வாள். இந்தப் பள்ளி விடுமுறையில் அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

"என்னங்க, கோலசிலாங்கூர் போலாம். எத்தன வருஷத்துக்குத்தான் தள்ளிப் போடுறது?"

மலாவாத்தி மலையில் பழைய பீரங்கிகளையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்தார்கள். தர்விஷாவின் கையிலிருந்த பயற்றங்காயைக் குரங்கு ஒன்று பிடுங்கிக்கொள்ள, அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். மதியத்துக்கு மேல் படகுத்துறைக்கு இறங்கினார்கள்.

சீட்டு விற்கும் பெண்ணிடம் திவாகரன் விஷயத்தைச் சொன்னான். அவள் பாவமாகச் சிரித்தாள்.

"அந்த வெள்ளத்துக்கு இங்கேயிருந்து நிறைய படகு லோரியில ஏத்திப் போனாங்க, அபாங். கழுகு பாக்கக் கூட்டிட்டுப் போற ஊரு இது. எல்லாப் படகுலயும் கழுகுதான் வரைஞ்சிருக்கும்."

பிரேமலா பலகையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் தெரியாது, பெயர் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது?

"திரும்பிடலாமா, பிரேமா?" என்றான் திவாகரன்.

அவள் பதில் சொல்வதற்குள், துறையின் விளிம்பில் ஒரு சீனக் கிழவி படகில் ஏறப் பயந்து நிற்க, உள்ளேயிருந்த படகுக்காரர் கையை நீட்டினார்.

"பிஜாக், பிஜாக் ஸஜா. ஜாங்கான் தாகுட்."

பயப்படாமல் மிதி என்கிற அதே குரல். பிரேமலா எழுந்தாள். எப்படி அந்த விளிம்புவரை நடந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தலை நரைத்து, கழுத்தில் துண்டு போட்டிருந்த அந்த மலாய்க்காரரைப் பார்த்து, தனக்கு வந்த மலாயில் கேட்டாள்.

"பாக்சிக், வெள்ளத்துல ரவாங் பக்கம் வந்தீங்களா? ஜன்னல் வழியா ஒரு பொம்பள... வயித்துல புள்ளையோட... உங்க தோள் மேல கால வச்சேன்."

அவர் அவளையே பார்த்தார். கை தானாக இடது தோளுக்குப் போனது.

"நீயா? அந்தப் புள்ள?"

திவாகரன் மகளைத் தூக்கி முன்னால் நிறுத்தினான். தர்விஷா, பாலர் பள்ளியில் பழக்கியபடி, அவர் கையைப் பிடித்து நெற்றியில் வைத்து சலாம் செய்தாள்.

"அல்ஹம்டுலில்லாஹ்," என்றார் அவர். "படகு ஆடினதுல உன் வயிறு விளிம்புல இடிச்சதைப் பாத்தேன்மா. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து கேட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னாங்க. அப்புறம் ஒரு தகவலும் இல்ல. புள்ளைக்கு என்ன ஆச்சோன்னு என் சம்சாரம் இன்னிக்கும் கேட்டுக்கிட்டே இருக்கா."

பிரேமலா குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் பதறித் தடுத்தார். "ஐயோ, வேணாம்மா! அது கடவுளுக்குத்தான்." பிறகு கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஆனா ரெண்டு பேரு பாரம் லா! ஒரு மாசம் கை தூக்க முடியல."

அழுதுகொண்டே பிரேமலாவும் சிரித்துவிட்டாள்.

அவர் பெயர் ரஸாலி. படகில் அவர்களைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார். முகத்துவாரம் வரை பிரேமலா கணவனின் கையை விடவில்லை. பழுப்பு நிறத்தில் ஆறு விரிந்தது. அலை தட்டியபோதெல்லாம் மூச்சு நின்று நின்று வந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. கோழித்தோலை எறிந்ததும் கழுகுகள் கூட்டமாய் இறங்கின. தர்விஷா கைதட்டிக் கூவினாள். இவள் கூவுவதைக் கேட்க ஒருவர் அன்று தண்ணீரில் குதித்தாரே என்று நினைத்தபோது, பிரேமலாவுக்கு அந்த ஆற்றின்மேல்கூடக் கோபம் வரவில்லை.

தீபாவளிக்கு ரஸாலி மனைவியோடு ரவாங்குக்கு வந்தார். செகிஞ்சானில் வாங்கிய புது அரிசி ஒரு பை கொண்டுவந்தார்கள். ஹலால் பார்ப்பார்களே என்று பிரேமலா அவர்களுக்காகவே சைவமாகச் சமைத்து, புதுத் தட்டுகளில் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மாள், அச்சு முறுக்கை எப்படிச் சுடுவது என்று கேட்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். மாவு கரைக்க இருவரும் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள்.