உறை பிரிக்காத வரைபடம்

சர்வேயர் தன் வாயாலேயே அக்காவின் வீட்டைக் கெடுத்தார். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

சரக்கு ரயிலுக்கென்றே தனிப்பாதை போடப் புறநகரை அளந்துகொண்டிருந்த நேரம். ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் கெடு. தெருவே மனுவும் கையுமாக அலைந்தபோது அக்கா தம்பியை மட்டும் கேட்டாள்.

"உன் வீட்டுப் பக்கமே வராதுக்கா. அளந்தவனே நான்தானே! பேசாம மாடியில ஒரு ரூம் எடு" என்றார் பெரிய மனுஷன்.

எடுத்தாள். வீட்டுக்காரர் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே மகளையும் வளர்த்து, இந்தத் தம்பியையும் படிக்கவைத்தவள். தம்பி சொன்னால் அவளுக்கு அப்புறம் பேச்சே கிடையாது.

ஆனால் அவர் பார்த்துச் சொன்னது பழைய வரைபடம். அத்தனை நீள வண்டி அந்த வளைவில் திரும்பாது என்று பாதையைத் தள்ளிப் போட்ட புதுப்படம் அவர் மேஜையிலேயே உறை பிரிக்காமல் கிடந்தது. கெடு முடிந்த மறுவாரம்தான் பிரித்தார். கோடு அக்காவின் அடுப்படி வழியாகப் போனது.

அக்கா தாமதமாகக் கொடுத்த மனுவை விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனுஷர். "கெடு தாண்டிடுச்சேம்மா. எங்க ஆள் யாராவது தப்பா சொல்லியிருந்தா சொல்லுங்க. இப்பவும் மனுவை எடுத்துக்கலாம், பாதையைக் கொஞ்சம் நகர்த்தவும் வழியிருக்கு."

சொன்ன ஆள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

அக்கா அவரைப் பார்த்தாள். "யாரும் சொல்லலைங்க. நான்தான் அசட்டையா இருந்துட்டேன்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

மறுபடியும் தம்பியைப் பார்த்தாள். அவர் ஃபைலைப் புரட்டினார். அடப்பாவி, ஒரு வார்த்தை! எழுந்தாவது நிற்கக் கூடாதா? அதிகாரி பெருமூச்சு விட்டு மனுவைத் தள்ளுபடி செய்தார்.

தம்பி வாசலுக்கு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். "என்னைக் காப்பாத்திட்டியேக்கா!"

அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"உன்னை நான் எப்படிடா காட்டிக்கொடுப்பேன்? நீயா சொல்லிடுவேன்னுதான் உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன்."