இடப்பக்க ஸ்பீக்கர்

படகு ஏரியின் நடுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஸ்டீரியோ உயிரை விட்டுவிட்டது. முதலில் ஒரு கரகரப்பு. பிறகு பாட்டு தண்ணீருக்குள் இறங்கியதுபோல் அமுங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. லிஃப்ட்காரர் அதன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார், பொத்தான்களை அமுக்கினார், வாய்க்கு வந்தபடி திட்டினார். எதற்கும் அது மசியவில்லை.

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். முப்பத்துநாலு வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்தவர். ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாகியும் பட்டப்பெயருக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. படகை வாங்கி இருபத்திரண்டு வருஷம், வாங்கும்போதே அது பழசு. ஸ்டீரியோ இன்னும் பழசு. முந்தைய சொந்தக்காரர் ஏதோ காரிலிருந்து கழற்றி, கேசட் போடும் வாயோடு அப்படியே டேஷ்போர்டில் சொருகியிருந்தார்.

எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் படகின் விலாவில் தட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அது நாலு வருஷமாகவே காலிதான். பாட்டு ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவே. பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. படகைத் திருப்பினார்.

"என்ன, போன வேகத்துல வந்துட்டீங்க?" என்றார் பேக்கரிக்காரர். படகுத்துறையில் அடுத்த இடத்தில் படகு கட்டுகிறவர் அவர்.

"ஸ்டீரியோ போயிடுச்சு."

"அப்பாடா! இனிமே மீனெல்லாம் நிம்மதியாத் தூங்கும். கரையில இருக்கற எங்களையும் சேத்துக்கங்க."

லிஃப்ட்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூட வரவில்லை.

மனைவி, மகள் வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்குத் துணையாக என்று போனவள். மூன்று மாசம் என்றுதான் பேச்சு. மூன்று மாசம் ஆறாகி, ஆறு மாசம் ஒரு வருஷமாகி, இப்போது பேரனுக்கே நாலு வயது. நடுவில் சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. கம்பளி உடுப்புகளை எடுக்க ஒருமுறை வந்தாள், தையல் மிஷினை எடுக்க இன்னொருமுறை வந்தாள், அப்புறம் எடுத்துப் போக ஒன்றும் மிச்சமில்லை. மாசத்துக்கு இரண்டு தடவை போனில் பேசிக்கொள்வார்கள்: மாத்திரை, மழை, பையனுக்கு ஜுரம். யாராவது விசாரித்தால், "பேரனைப் பாத்துக்க ஆள் வேணுமே" என்பார். நாளடைவில் விசாரிப்பதை ஆட்கள் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"சார், காருக்குப் போடறதைப் படகுல போடாதீங்க. ஈரம் பட்டு ஆறே மாசத்துல பல்லைக் காட்டிடும். இது தண்ணிக்குன்னே செஞ்சது. கூடவே ரெண்டு ஸ்பீக்கரும் மாத்திடுங்க."

"கேசட் போட முடியுமா?"

கடைக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "உங்க போன்ல இருக்கற பாட்டையே பாடும் சார். போன் வந்தா இதுலயே பேசிக்கலாம்."

'எனக்கு யார் போன் பண்ணப்போறா' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே படகுத்துறைக்கு வந்துவிட்டார். முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றினார். டேஷ்போர்டில் நாலு ஸ்குரூ. மூன்று சொன்ன பேச்சைக் கேட்டன. நாலாவது துருப்பிடித்து, எண்ணெய் விட்டுக் கெஞ்சி, கடைசியில் தலை தெறித்துத்தான் வந்தது. பழைய பெட்டியை வெளியே இழுத்தால் பின்னால் குருவிக்கூடுபோல் ஒயர்ச் சிக்கல். ஒவ்வொரு ஒயரிலும் துண்டுக் காகிதம் ஒட்டி எழுதினார்: இது சாவியிலிருந்து, இது நேராக பேட்டரியிலிருந்து, இது எர்த். செம்புக் கம்பியெல்லாம் பாசி பிடித்ததுபோல் பச்சையாகிவிட்டிருந்தது. பளபளப்பு தெரியும்வரை வெட்டித் தள்ளி, புது முனைகளை வைத்து நெரித்து, மேலே பிளாஸ்டிக் உறையைச் சூடுகாட்டிச் சுருக்கினார். புதுப் பெட்டி ஓட்டைக்குள் நுழைய ஒரு மயிரிழை அடம்பிடித்தது. அரத்தால் அரைமணி நேரம் ராவினார். கையில் வேலை இருக்கும்போது மனசு என்று ஒன்று தனியாக இருப்பதே அவருக்கு மறந்துவிடும். மதியம் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

பிறகு ஸ்பீக்கர்கள். வலப்பக்கத்தில் இருந்ததைக் கழற்றியதும் அதன் காகிதம் அப்பளம்போல் கையோடு உதிர்ந்தது. இத்தனை நாள் பாடியதே பெரிய விஷயம். இடப்பக்கத்து ஸ்பீக்கர் என்றைக்கோ செத்தது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவர், இதை மட்டும் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. தன் பக்கம் கேட்கிறதே என்று விட்டுவிட்டார். ஒன்றுதானே பாடுகிறது என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்.

காலி இருக்கையில் குறுக்காகப் படுத்து, பலகைக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டார். கழற்றி எடுத்த ஸ்பீக்கர் முழுசாக இருந்தது. ஒரு கிழிசல்கூட இல்லை. ஒயரை இழுத்தார். அதுவும் எங்கேயும் அறுந்திருக்கவில்லை. இரண்டு முனைகளும் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கப்பட்டு, தனித்தனியாகப் பிளாஸ்திரி சுற்றியிருந்தன. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.

கரன்ட் வேலை தெரிந்தவன் எவனும் அதைத் தேடிப் போகமாட்டான். ஓரம் கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. மூன்று சுற்று, கடைசி நுனி உள்ளே மடிப்பு. வேலையில் அவர் விரலைக் கிழித்துக்கொண்டு வந்தபோதெல்லாம் அப்படித்தான் கட்டுவிழும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டே போனை எடுத்தார். அவர்கள் வழக்கமாகப் பேசுகிற நாள் இல்லை அது.

"என்னங்க? என்ன ஆச்சு?" என்றாள் மனைவி, எடுத்ததுமே பதறி.

"ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் இருக்கேன். படகுல ஸ்டீரியோ மாத்திட்டு இருக்கேன். இந்த இடப்பக்க ஸ்பீக்கர்... அதை நீயா கழட்டி வச்சே?"

அந்தப் பக்கம் ஏதோ குழாயை மூடும் ஓசை கேட்டது.

"ஆமா. படகு வாங்கின ரெண்டாவது வருஷமே."

"ஏன்?"

"நேரா என் முட்டிக்குப் பக்கத்துல அலறும். தலை வெடிச்சிடும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. பாட்டு ஓடிட்டு இருந்துச்சு."

"ஒரு பக்கம் பாடலைன்னு நான் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வச்சேன்."

"தெரியும்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. இருபது வருஷத்துச் சத்தத்தை நினைத்து இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

"அங்க உக்காந்து நிறையப் பேசியிருக்கேன் உங்ககிட்ட" என்றாள் மெதுவாக. "நீங்களும் தலையை ஆட்டுவீங்க. பாட்டுக்கு ஆட்டறீங்கன்னு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சுது."

"என்ன பேசினே?"

"கண்ணாடிக் கடை வேலையை விடப்போறேன்னு சொன்னேன்."

அவருக்குச் சுருக்கென்றது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷம் பார்த்த வேலையை அவள் விட்டபோது, ஒரு வார்த்தை கேட்டாயா என்று ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் அவர். அப்போது அவள் பதிலே சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் திமிர் என்று நினைத்திருந்தார்.

"மக வீட்டுக்குப் போறப்போ..." என்று ஆரம்பித்தவர் பிளாஸ்திரியின் மடிப்பை விரலால் தடவினார். "திரும்பி வரமாட்டேன்னு அதையும் இங்கதான் சொன்னியா?"

"இல்லைங்க. அதைச் சொல்லலை. சொல்லிப் பாத்து அலுத்துப்போயிருந்தேன்."

பையன் எதற்கோ கூப்பிடுவது கேட்டது. "இருங்க, அவன் கூப்பிடறான். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

லிஃப்ட்காரர் அந்த பிளாஸ்திரிகளை நகத்தால் நிமிண்டிப் பிரித்தார். பசை காய்ந்து ஒயரோடு ஒயராகிவிட்டிருந்தது. கடைசியில் முனைகளையே வெட்டி எடுத்தார். புது ஸ்பீக்கர்கள் இரண்டையும் மாட்டி, பேட்டரி இணைப்பைக் கொடுத்ததும் ஸ்டீரியோ நீல வெளிச்சத்தோடு கண் திறந்தது. ஒரு குறையும் இல்லாத வேலை. காட்டுவதற்கு ஆளில்லை. பேக்கரிக்காரர்கூட அன்றைக்கு வந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குள் போய் எஞ்சினை அணைத்ததும், பாட்டு போடாமல் அவளுக்குப் போன் போட்டார். அவள் குரல் திடீரென்று படகு முழுக்க எழுந்தது. துள்ளிப்போனார். எந்தப் பொத்தானைத் திருகினால் குறையும் என்று தெரியாமல் தடவினார்.

"கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. எங்க இருக்கீங்க?"

"படகுல. புது ஸ்டீரியோவுல நீ பேசறே. ரெண்டு பக்கமும் கேக்குது."

"ரெண்டு பக்கமுமா!" என்றாள். "அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். பொண்ணு வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பாத்திருக்கேன். அடுத்த மாசம் போறேன். நான் மட்டும்."

"பொண்ணு ஏதாவது சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லலை. எனக்குன்னு ஒரு இடம் வேணும்னு தோணுச்சு. இத்தனை வயசுல தனியா இருந்ததே இல்லை நான். இருந்து பாக்கணும்."

தனியாக இருப்பது எப்படியிருக்கும் என்று அவரால் மணிக்கணக்கில் சொல்ல முடியும்.

"எத்தனாவது மாடி?"

"மூணு."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு. கதவு மூடறப்ப மட்டும் டமார்னு அடிக்குது."

"அது சின்ன வேலைதான். நான் வேணா வந்து—"

"அதுக்கெல்லாம் அங்கேயே ஆள் இருக்காங்க" என்றாள். குரலில் கடுப்பில்லை. "கோவமா?"

"இல்லை."

"நான் சொன்னது கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. அடுத்த மாசம். மூணாவது மாடி. நீ மட்டும்."

"ம்" என்றாள். போன் வைக்கும் முன் அவள் விட்ட மூச்சுகூட இரண்டு ஸ்பீக்கரிலும் தெளிவாக விழுந்தது.

காற்று படகை மெல்ல மெல்லக் கோரைப்புல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. புல் அடிப்பாகத்தில் உரசிய பிறகுதான் அவர் கவனித்தார். எழுந்து, துடுப்பை ஊன்றி, படகை ஆழத்துக்குத் தள்ளிவிட்டு, எஞ்சின் சாவியைத் திருகினார்.