கழற்றப்பட்டிருந்த மூடி

கல்லூரி நூலகத்தில் ஜன்னலை ஒட்டிய மேசைதான் அவளுடையது. மாலை வேளைகளில் கட்டுரை எழுதும் மாணவர்கள் அங்கே சந்தேகம் கேட்க வருவார்கள். ‘ஒரு’ எங்கே, ‘ஓர்’ எங்கே? முற்றுப்புள்ளி மேற்கோளுக்கு உள்ளேயா, வெளியேயா? யார் தாளைப் பார்த்தாலும் விடுபட்ட க், ச், த், ப் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துப் போட்டுவிடுவதால், இறுதியாண்டுத் தமிழ் மாணவியான அவளுக்கு ‘ஒற்று அக்கா’ என்றே பேர் நிலைத்துவிட்டது.

அன்று தொழிற்பிரிவு முதலாண்டு மாணவி ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. பயிற்சிக்கூடத்தில் தகடு வெட்டும் இயந்திரத்தில் அவளுக்கு விரல்கள் போன செய்தி கல்லூரி முழுக்கத் தெரியும். விசாரணைக் குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். இடது கையால் பென்சிலில் எழுதியிருந்தாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

“பிழை மட்டும் பாத்துக் கொடுங்கக்கா.”

ஒற்று அக்கா பென்சிலை எடுத்தாள். விடுபட்ட ஒற்றுகளைப் போட்டாள். மூச்சு வாங்கும் அளவுக்கு நீண்ட வாக்கியம் ஒன்றை இரண்டாக்கினாள். அடுத்த வரியில் பென்சில் நின்றது: ‘இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது.’

“இது செயப்பாட்டுவினை. தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா செஞ்சது யாருன்னே இதுல தெரியல. யார் கழட்டினாங்க?”

மாணவி அம்மாவைப் பார்த்தாள். “நான்தான்.”

“அப்ப ‘நான் கழற்றினேன்’னு எழுதலாமே.”

மாணவி எழுதத் தொடங்கினாள். பாதியிலேயே கண் நிறைந்துவிட்டது. “நானா கழட்டலக்கா. வேலை சீக்கிரம் முடியணும், கழட்டிட்டு ஓட்டுன்னு சார் சொன்னாரு. எல்லாருமே அப்படித்தான் ஓட்டினோம்.”

“அவரை எதுக்கு இதுல இழுக்கிற?” என்றாள் அம்மா. “ரத்தம் சொட்டச் சொட்ட உன்னைத் தூக்கிக்கிட்டு ஓடினவரு. ஆஸ்பத்திரியில நான் வர்ற வரைக்கும் நகரல. அவர் வயித்துல அடிக்கணுமா?”

ஒற்று அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எதை எழுதணும்னு நான் சொல்ல முடியாதும்மா,” என்றாள். “ஆனா ‘நான்’னு மட்டும் எழுதினா, பழி முழுக்க இவ தலையில விழும். இப்படியே விட்டா யார் தலையிலயும் விழாது. அந்த மெஷின் நாளைக்கும் மூடி இல்லாமதான் ஓடும்.”

மாணவி அழிப்பானை வாங்கி அந்த வரியை அழித்தாள். தாள் கிழிந்துவிடாமல் மெதுவாக எழுதினாள்: ‘ஆசிரியர் கழற்றச் சொன்னார். நான் கழற்றினேன்.’ யோசித்துவிட்டு, கீழே இன்னொன்றும் சேர்த்தாள்: ‘அடிபட்டதும் அவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.’

“ரெண்டுமே நடந்ததுதானேம்மா,” என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விசாரணையில் குழுத் தலைவர் தாளைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். “நடை கொஞ்சம் கரடுமுரடா இருக்கும்மா. ‘மூடி கழற்றப்பட்டிருந்தது’ன்னு போட்டா நாகரிகமா இருக்குமே.”

மாணவி தலையை ஆட்டி மறுத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியர் கை நீட்டித் தாளை வாங்கினார். நெடுநேரம் படித்தார்.

“அவ எழுதினதுல பிழை இல்ல,” என்று சொல்லி, அடியில் கையெழுத்துப் போட்டார்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கழற்ற முடியாத மூடிகள் எல்லா இயந்திரங்களுக்கும் வந்தன. வீட்டில் அம்மா மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவாள், கட்டு மாற்றுவாள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கோ போய்விட்டு வந்தவள், மகளை உட்காரவைத்துத் தலை பின்னத் தொடங்கினாள்.

“அந்த சார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சம்சாரம் உள்ள கூப்பிடல. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.” சீப்பு சிக்கில் நின்றது. “நான் திரும்பிட்டேன். அவரே தெருமுனை வரைக்கும் பின்னால வந்து, கை ஆறிடுச்சான்னு கேட்டாரு.”

“நீ என்னம்மா சொன்னே?”

“ஆறிட்டு வருதுன்னேன்,” என்று சொல்லி, அம்மா சிக்கை எடுத்தாள்.